மொட்டைக் கடிதம் ஒன்றின் உலகப் பயணம்

1983 ஜூலையில் புதுதில்லியின் ‘பேட்ரியாட்’ ஆங்கில நாளிதழில் ஒரு மொட்டைக் கடிதம் அச்சேறியது. எழுதியவர் பெயர்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி, மானிடவியலாளர் என்று மட்டும் போட்டிருந்தார்கள், பெயர் இல்லை. அமெரிக்காவில் புதிதாகப் பரவிவரும் எய்ட்ஸ் நோய், மேரிலாந்து மாநிலத்து ஃபோர்ட் டெட்ரிக்கில் ராணுவம் நடத்திய உயிரி ஆயுத ஆராய்ச்சியில் பிறந்தது. அந்த ஆராய்ச்சி இப்போது பாகிஸ்தானுக்கு மாறப்போகிறது. அங்கிருந்து நோய் இந்தியாவுக்குள் நுழையக்கூடும். கடிதத்தின் சாரம் இதுதான்.

அன்றைக்கு இந்தியாவில் எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டவர்களே குறைவு. பாரிஸின் பாஸ்தர் நிறுவனம் அதன் கிருமியை அடையாளம் கண்டு அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த நாட்டில் முதல் தொற்று உறுதிப்படவோ இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா 80க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின. மருத்துவர்களுக்கே நம்பிக்கை வராமல் மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகுதான் செய்தி வெளியே போனது. நோய் வந்ததை உறுதிசெய்ய இத்தனை பாடு. நோயைப் பற்றிய சதிக்கதை மட்டும் மூன்று வருடம் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது.

சதிக்கோட்பாடுகளை மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள், அவை எந்த வழியாகப் பரவுகின்றன என்று பேச வந்த இந்தச் சொற்பொழிவு அந்தக் கடிதத்தின் பின்னாலேயே போகிறது. பெரும்பாலான சதிக்கதைகள் எங்கே தொடங்கின என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. இதன் தடம் ஏறத்தாழ முழுவதும் கிடைத்திருக்கிறது. பரப்பியவர்கள் ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள்.

‘பேட்ரியாட்’ சோவியத் சார்புள்ள நாளிதழ். கடிதம் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் கைவேலை என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் முடிவு. வந்த வேகத்தில் அது மறக்கப்பட்டது. இரண்டு வருடம் யாரும் அதைச் சீண்டவில்லை. 1985 செப்டம்பரில் கேஜிபி தன் பல்கேரியத் தோழமை அமைப்புக்கு ஒரு தந்தி அனுப்பியது. எய்ட்ஸ் என்பது அமெரிக்க உளவுத்துறையும் பென்டகனும் நடத்திய ரகசிய ஆயுதச் சோதனை கைமீறிப்போனதால் வந்தது என்ற எண்ணத்தை வெளிநாடுகளில் உண்டாக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அடுத்த மாதக் கடைசியில் மாஸ்கோவின் ‘லித்தராத்தூர்னயா கஸியத்தா’ வார இதழ் விரிவான கட்டுரை வெளியிட்டது. அதற்கு ஆதாரம்? இந்தியாவின் மதிப்புக்குரிய நாளிதழில் வந்த செய்தி.

இந்தத் தந்திரத்தை நின்று கவனிக்க வேண்டும். மாஸ்கோ தானே சொன்னால் பகை நாட்டின் பிரச்சாரம் என்று உலகம் தள்ளிவிடும். அணிசேரா நாடு ஒன்றின் பத்திரிகை சொன்னதை மாஸ்கோ எடுத்துச் சொன்னால் அது செய்தி. மாஸ்கோ சொன்னதை ஆப்பிரிக்கப் பத்திரிகைகள் எடுத்துப் போட, அவற்றை மேற்கோள் காட்டி மற்றவர்கள் எழுத, ஒவ்வொரு கைக்கும் முந்தைய கை சாட்சியாகிறது. கடைசியில் படிப்பவர் முன் இருபது சாட்சிகள் நிற்கிறார்கள். உண்மையில் இருந்தது ஒரே ஒரு பெயரில்லாக் கடிதம்.

விஞ்ஞானி ஒருவர் சொன்னதாக இருந்தால் இன்னும் எடுபடும். கிழக்கு பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற உயிர் இயற்பியல் பேராசிரியர் யாக்கோப் செகால், ஆட்டைத் தாக்கும் விஸ்னா என்ற வைரசையும் மனிதரைத் தாக்கும் வேறொரு வைரசையும் ஒட்டி 1977இல் ஃபோர்ட் டெட்ரிக்கில் இதைச் செய்தார்கள் என்று எழுதினார். 1986இல் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கூடியபோது அவருடைய கருத்து சிறு நூலாகப் பிரதிநிதிகளின் கைக்குப் போனது. அந்த அக்டோபரில் லண்டனின் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’, சோவியத்துக்கு எவ்வகையிலும் வேண்டாத பழமைவாத நாளிதழ் நிறுவனத்தின் ஞாயிறு பதிப்பு, அதை முதல் பக்கத்தில் போட்டது. 1987 மார்ச்சில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி மாலைச் செய்தியில் அது ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது. அந்த வருட முடிவுக்குள் ஏறத்தாழ 80 நாடுகளில், முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் கதை வெளிவந்திருந்தது. இணையம் என்ற ஒன்றே பொதுமக்களிடம் இல்லாத காலம் அது. கைப்பேசி வந்துதான் மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

செகாலின் கணக்கில் உயிர் இல்லை. 1959இல் இன்றைய கின்ஷாசாவில் ஒருவரிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமியான எச்ஐவி இருந்தது பிற்பாடு தெரியவந்தது. சிம்பன்சியிடமிருந்து மனிதருக்கு அது தாவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேமரூனின் தென்கிழக்குக் காட்டுப்பகுதியில் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 1977இல் அப்படியொரு வைரசைக் கட்டுவதற்கான நுட்பமே கிடையாது. எய்ட்ஸ் ஆராய்ச்சியில் ஒத்துழைப்பு கிடைக்காது என்று அமெரிக்கா மிரட்டிய பிறகு 1987இல் சோவியத் விஞ்ஞானிகளே கதையைக் கைவிட்டுப் பேசினார்கள். 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் பிரிமக்கோவ், இதில் கேஜிபிக்குப் பங்கு இருந்ததை ஒப்புக்கொண்டார். விதைத்தவரே வந்து சொல்லியாயிற்று. ஆனாலும் 2005இல் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நடந்த ஆய்வொன்றில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், எச்ஐவி மனிதரால் செய்யப்பட்டது என்றே பதில் சொன்னார்கள்.

ஏன்? அறியாமை என்று சொல்வது எளிது. அந்தப் பதில் தவறு மட்டும் இல்லை, அநியாயமும்கூட.

அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி பகுதியில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருடம் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்த அநியாயம் புரியும். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய். நோயின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை. ‘ரத்தம் கெட்டிருக்கிறது’ என்றார்கள். பரிசோதனை நாளில் இலவசச் சாப்பாடு உண்டு, வண்டி உண்டு. இறந்தால் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு அடக்கச் செலவாக 50 டாலர். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதைச் சிறப்புச் சிகிச்சை என்று கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள். பெனிசிலின் அந்த நோயைத் தீர்க்கும் என்று 1940களிலேயே தெரிந்துவிட்டது. இவர்களுக்குக் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் நோய் உடலை எப்படி அழிக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அரசு, மருத்துவர், செவிலியர், மருத்துவமனை எல்லாரும் கூடிச் செய்த சதி இது; கதை அல்ல. ஒரு தாத்தாவை இப்படி இழந்த வீட்டில் போய், அரசாங்கம் நோயைப் பரப்பும் அளவுக்குக் கெட்டதில்லை என்று எப்படிச் சொல்வது?

‘பேட்ரியாட்’ கடிதம் தில்லியில் அச்சானதற்கும் இப்படியொரு முன்கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தில்லியில் கொசுக்களை மரபியல் வழியில் கட்டுப்படுத்தும் ஆய்வுப் பிரிவு ஒன்றை நடத்தின. பணம் அமெரிக்காவினுடையது, கோதுமை விற்று ரூபாயில் சேர்ந்த பி.எல்.480 நிதி. மலட்டு ஆண் கொசுக்களை ஊர்களில் பறக்கவிடும் திட்டம் இருந்தது. 1974இல் பிடிஐ செய்தி நிறுவனம் கேள்வி எழுப்பியது: மலேரியா வாட்டும் நாட்டில், மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசுவில் ஏன் இத்தனை அக்கறை? தகவலெல்லாம் யாருக்குப் போகிறது? ஏடிஸ்தான் டெங்குவையும் பரப்புகிறது என்ற நியாயமான பதில் விஞ்ஞானிகளிடம் இருந்தது. அதை உரிய நேரத்தில் மக்களிடம் விளக்கிச் சொல்ல யாரும் முன்வரவில்லை. விவகாரம் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவரை போனது. 1975இல் பிரிவு மூடப்பட்டது. உயிரி ஆயுத ஆராய்ச்சி நடந்ததாக நிரூபணமாகவில்லை. சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. எட்டு வருடம் கழித்து வந்த மொட்டைக் கடிதம் அந்தச் சந்தேகத்தின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. ஃபோர்ட் டெட்ரிக்கும் கற்பனை இடமில்லை. 1969இல் அதிபர் நிக்சன் நிறுத்தும்வரை அமெரிக்காவின் உயிரி ஆயுதத் திட்டம் நடந்த இடம் அது. பத்து உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யைச் செருகத் தெரிந்தவர்கள்தாம் அந்தக் கடிதத்தை எழுதினார்கள்.

அச்சமும் தன் பங்கைச் செய்கிறது. அதை முதலில் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் பாட்னாவின் உளவியல் ஆசிரியர் ஜமுனா பிரசாத். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. அடுத்த நாள்களில் காதில் விழுந்த புரளிகளை அவர் சேகரித்து ஆராய்ந்தார். கங்கைத் தண்ணீரே மறைந்துபோய் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள். பாட்னாவைக் கடும்புயல் தாக்கப்போகிறது. சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி அதிரும். ஆறுதலான புரளி எதுவும் இல்லை. எல்லாமே வரப்போகும் இன்னும் பெரிய கேட்டைப் பற்றியவை. அதிர்ச்சியை உணர்ந்தும் இடிபாட்டைக் காணாத மக்களிடையே பரவியவை. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் பிற்காலத்தில் இந்த ஆய்வைப் படித்துத் திகைத்தார். பயந்திருப்பவர்கள் ஏன் மேலும் பயமுறுத்தும் செய்தியை நாட வேண்டும்? அவர் எட்டிய விளக்கம்: பயம் முதலில் வந்துவிட்டது, கண்ணெதிரே காரணம் எதுவும் இல்லை, அந்தப் பயத்துக்குப் பொருந்தும் காரணத்தை மனம் தேடிக்கொள்கிறது. 1957இல் அவர் வெளியிட்ட அறிவாற்றல் முரண் கோட்பாட்டுக்குத் தூண்டுதலாக இருந்தது பாட்னாவின் இந்தப் புரளிகள்தாம்.

இதோடு சேர்ந்து வேலை செய்வது, பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்ற மன வழக்கம். ஒரு நாட்டின் அதிபரைத் தனியொரு ஆள் துப்பாக்கியால் சுட்டு முடித்துவிட முடியும் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. லட்சக்கணக்கானவர்களைக் கொல்லும் நோய் ஒரு காட்டில், ஒரு வேட்டைக்காரனின் கைக் காயம் வழியாகத் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதும் அப்படித்தான். தற்செயலோடு சண்டை போட முடியாது. எதிரி ஒருவன் இருந்தால் கோபப்படலாம், குற்றம் சாட்டலாம். நோயில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அந்தக் கோபம் ஒரு பிடிமானம்.

நம்பிக்கை ஊன்றிவிட்டால் கதையின் விவரங்கள்கூட முக்கியமில்லாமல் போகின்றன. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்று கருதியவர்களே, அவர் சாவதுபோல நடித்து எங்கோ உயிரோடு இருக்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்ளும் போக்கு தெரிந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. அவர்கள் உறுதியாகப் பிடித்திருந்தது ஒன்றைத்தான்: மேலே இருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

அப்படியானால் உண்மைச் சதியையும் பொய்ச் சதியையும் எப்படிப் பிரித்தறிவது? டஸ்கிகியை வெளிக்கொண்டுவந்தவர் பீட்டர் பக்ஸ்டன். அதே சுகாதாரத் துறையின் ஊழியர். உள்ளுக்குள் எழுதிப் பார்த்தார், பலனில்லை. ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். ஏபி செய்தி நிறுவனத்தின் ஜீன் ஹெல்லர் 1972 ஜூலையில் எழுதினார். சில மாதங்களில் ஆய்வு நிறுத்தப்பட்டது. 1997இல் அதிபர் கிளின்டன் உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். உண்மையான சதிக்குப் பெயர் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, மனம் பொறுக்காத ஒரு ஊழியர் இருக்கிறார். தோண்டத் தோண்டச் சான்று கூடுகிறது. பொய்ச் சதியில் சான்று கிடைக்காததையே சான்றாக்குகிறார்கள். மறுப்பவரும் சதியில் ஒருவராகச் சேர்க்கப்படுகிறார். நாற்பது வருடமாகத் தேடியும் ஃபோர்ட் டெட்ரிக் கதைக்கு ஒரு கோப்போ ஒரு ஊழியரோ வெளியே வரவில்லை. அதே ஃபோர்ட் டெட்ரிக்கைக் கோவிட் நோயின் பிறப்பிடமாகக் காட்டி 2021இல் சீன அரசு ஊடகங்கள் பேசின.

பரவும் விதத்தில் இன்று மாறியிருப்பது வேகம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்தார்கள். உண்மையைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள், புதிதாகவும் திடுக்கிட வைப்பதாகவும் இருப்பதைச் சொல்லிவிடத் துடிக்கும் சாதாரண மனிதர்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளிகள் அப்படித்தான் போயின. அனுப்பியது அத்தை, அல்லது பிள்ளையின் பள்ளிப் பெற்றோர் குழு. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்பினார்கள். பல பெற்றோர்கள் ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்க அதிபராக இருந்த தாபோ எம்பெக்கி இங்கிலாந்தில் பொருளியல் படித்தவர், நிறவெறி ஆட்சியின் பொய்களைக் கண்டு வளர்ந்தவர். எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்ற மேற்கத்திய மருத்துவத்தின் கூற்றை அவர் சந்தேகித்தார். மருந்து விநியோகம் தள்ளிப்போனது. அதனால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. அதில் மலடாக்கும் மருந்து கலந்திருக்கிறது என்ற பேச்சு. அதே கானோவில் 1996இல் ஃபைசர் நிறுவனம் மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகளிடம் ஒரு புது மருந்தைச் சோதித்திருந்தது. பெற்றோரின் முறையான சம்மதம் இல்லை என்று வழக்குப் போய், 2009இல் மாநில அரசோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சொட்டு மருந்து நின்ற மாதங்களில் நைஜீரியாவின் போலியோ கிருமி பல நாடுகளுக்குப் போனது. பத்து வருடம் நோயில்லாமல் இருந்த இந்தோனேசியாவரை.

இந்தியாவிலும் அதே புரளி இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், முக்கியமாக ஏழை முஸ்லிம் குடியிருப்புகளில், சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளைப்பேறு இருக்காது என்று நம்பினார்கள். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்ததையும், பலரைக் கட்டாயப்படுத்தி இழுத்துப்போனதையும் அந்த ஊர்கள் மறந்திருக்கவில்லை. சாலை போடாத, சாக்கடை வெட்டாத, காய்ச்சலுக்கு மாத்திரை தராத அரசாங்கம் இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் வீடு தேடித் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. 2002இல் நாட்டில் போலியோ கண்ட 1,600 பேரில் பெரும்பாலோர் அந்த மாநிலத்தவர்.

நிலைமையை மாற்றியது விளம்பரத் தட்டிகள் அல்ல. யூனிசெஃப் உதவியோடு அந்தந்தத் தெருவில் வாழும் பெண்களையே ஊக்குநர்களாக அமர்த்தினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் முகாம் நாளை அறிவித்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் முன்னே நின்றன. 2009இல் உத்தரப் பிரதேசம், பீகார் இரண்டிலும் நோய் விடாமல் பிடித்திருந்த 107 வட்டாரங்களுக்குத் தனித் திட்டம் போட்டபோது, கை கழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, தாய்ப்பால், குடிநீர் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார்கள். அந்த வருடம் நாட்டில் 741 பேருக்கு நோய். அடுத்த வருடம் 42. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததே கடைசி.

சொட்டு மருந்துக் குழு வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுவிட்டுப் போகும். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் ‘பி’, இல்லையென்றால் ‘எக்ஸ்’. ‘எக்ஸ்’ குறி விழுந்த வீட்டில் ஏன் மறுத்தார்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதினார்கள். குழந்தை ஊரில் இல்லையா, உடம்பு சரியில்லையா, கருத்தடைப் பயமா, ரேஷன் அட்டை கிடைக்காத கோபமா? மறுநாள் அந்த வாசலுக்கு மருத்துவர் போவதா, இமாம் போவதா, அதே தெருப் பெண் ஊக்குநர் மறுபடி போவதா என்பது அந்தப் பதிவைப் பார்த்து முடிவாயிற்று.